மஞ்சள் கல்லும் நட்சத்திரக்காரரும்

ஏலம் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? எனக்குச் சின்ன வயதில் பார்த்த மாரியம்மன் கோயில் புளியமர ஏலம்தான் நினைவுக்கு வரும். தர்மகர்த்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தலையாரி, "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று கூவுவார். கேட்கிறவர் யார், அவருக்கு எவ்வளவு வசதி, அவருக்கும் எதிர்த்துக் கேட்கிறவருக்கும் என்ன பங்காளிக் காய்ச்சல் என்பதெல்லாம் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். யாராவது அநியாயத்துக்கு விலையை ஏற்றினால், "என்ன மாமா, மரத்தில் புளி காய்க்கிறதா, பவுன் காய்க்கிறதா?" என்று கூட்டத்திலிருந்தே ஒரு குரல் வரும். ஆசாமி அதோடு அடங்கிவிடுவார்.

நான் ஏலம் கேட்டது அப்படிப்பட்ட இடத்தில் அல்ல. 2023 ஐப்பசியில், திருச்சியில் என் வீட்டுக் கூடத்தில், இரவு ஒரு மணிக்கு, கம்ப்யூட்டர் முன்னால். கேட்ட பொருள் ஒரு பழைய சாணைக்கல். எதிர்த்துக் கேட்டவருக்கு முகம் கிடையாது. பெயர்கூடக் கிடையாது. ஓர் எழுத்து, மூன்று நட்சத்திரம், இன்னோர் எழுத்து; அவ்வளவுதான்.

எழுபத்திரண்டு வயதில் உனக்குச் சாணைக்கல் எதற்கு என்று கேட்கிறீர்களா? என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் தகப்பனார் பொன்மலையில் சலூன் வைத்திருந்தார். ரயில்வே தொழிற்சாலைக்காரர்கள்தான் வாடிக்கை. அவர்களில் ஆங்கிலோ-இந்தியர்களும் உண்டு. ஒரு ஃபோர்மன் 1961இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். புறப்படுகிற அன்று காலையில் அப்பாவிடம் கடைசியாக ஒரு முறை முகம் மழித்துக்கொண்டார். அப்பா காசு வாங்க மாட்டேன் என்றார். அவர் விடுவதாக இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு சிறு மரப்பெட்டியை வரவழைத்து அப்பா கையில் வைத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் ஒரு கல். மேல் பாதி வெண்ணெய் நிறம், கீழ்ப்பாதி கருநீலம்.

அதற்கு எங்கள் வீட்டில் 'மஞ்சக் கல்லு' என்று பெயர். தண்ணீர் தெளித்துச் சவரக் கத்தியை அதில் தேய்த்தால் பால்போல ஒரு குழம்பு வரும். அப்புறம் தோல் வாரில் நாலு இழுப்பு. பிறகு அப்பா தம் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தி விளிம்பில் தொங்கவிடுவார். முடி சத்தமில்லாமல் இரண்டாகும். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் வருகிற திருப்தியை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

1972இல் எனக்குப் பாங்கில் வேலை கிடைத்தது. சக குமாஸ்தாக்கள், "அப்பா எங்கே இருக்கிறார்?" என்று கேட்பார்கள். "பொன்மலையில்" என்பேன். அவர்களாகவே ரயில்வே உத்தியோகம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நிஜத்தையும் சொல்லவில்லை. 1974இல் அப்பா காலமானார். காரியம் முடிந்த மறுநாளே, கத்தி, கத்தரிக்கோல், நாற்காலி, கண்ணாடி, மஞ்சள் கல் எல்லாவற்றையும் கடையில் அவருக்குக் கைத்துணையாக இருந்த அண்ணனிடம், "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். என் வீட்டுக்குள் அவை வரக்கூடாது என்ற அவசரம்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே நான் போனதில்லை.

இது நடந்து நாற்பத்தொன்பது வருஷங்கள் கழித்து, கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய் அந்தக் கல்லின் படத்தைப் பார்த்தேன். அதே வெண்ணெய் நிறம், அதே கருநீலம். மார்பில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அதன் நிஜப் பெயரே எனக்குத் தெரிந்தது. கோட்டிக்யூல். பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் என்ற ஊரைச் சுற்றி, மெல்லிய நரம்புகளாகப் பூமிக்குள் ஓடுகிற கல். கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் அதில் நிறைந்திருக்கின்றன. எஃகைத் தேய்ப்பவை அந்த மணிகள்தாம். மஞ்சள் நரம்புக்கு இயற்கையாகவே ஒட்டிக்கொண்டு வருகிற நீலப் பாறைதான் அடிப்பாதி. ஸால்ம்ஷாட்டோ என்ற இடத்தில் இந்தக் கல்லுக்கென்றே ஒரு பொருட்காட்சி சாலை வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சாணைக்கல்லில் இத்தனை சமாசாரமா என்று நானும் வியந்தேன். ஜெர்மனியில் ஸோன்னபெர்க் நகரத்து எஷர் கம்பெனியின் பழைய கல்லுக்கு, பக்கத்தில் ஒட்டிய காகிதச் சீட்டுக் கிழியாமல் இருந்தால் தனி மதிப்பு. ஜப்பானில் கியோட்டோவை அடுத்த நாகயாமா சுரங்கத்துக் கல்லுக்கு அதைவிட மதிப்பு. அந்தச் சுரங்கம் மூடியாகிவிட்டது. தீட்டுவதற்குக் கல் வேண்டும் என்றால் பஞ்சமே இல்லை. நம் சென்னையிலேயே 1954இல் கார்பொரண்டம் யுனிவர்சல் தொடங்கிவிட்டார்கள். உலகமெல்லாம் கொரண்டம் என்று வழங்குகிற உரைபொருளின் பெயரே நம் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். ஆனாலும் மழிக்கும் கத்தியை விரும்பி வைத்திருக்கிறவர்கள் பழைய இயற்கைக் கல்லைத்தான் தேடுகிறார்கள். ஆகவே விலை ஏறுவதற்கு நியாயமான காரணமும் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பார்த்த கல் ஓர் ஏல வலைத்தளத்தில் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். விற்பவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். ஆரம்ப விலை 15 யூரோ. கெடு ஏழு நாள். நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். அதற்குள் மூன்று பேர் கேட்டு 46 யூரோவில் நின்றிருந்தது.

இந்த மாதிரி ஏலத்தில் கேட்கும் முறையே வேறு. நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்ச விலையை இயந்திரத்தின் காதில் ரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். அது உங்களுக்காகக் கேட்டுக்கொண்டே போகும். எதிராளியின் விலைக்கு ஒரு படி மேலே மட்டும் கேட்கும். நீங்கள் 80 என்று சொல்லிவைத்து, அடுத்தவர் 46ஓடு நின்றுவிட்டால், பொருள் உங்களுக்கு 47க்கே கிடைத்துவிடும். ஜெயித்தவர் தம்முடைய விலையைக் கொடுப்பதில்லை. தோற்றவரின் விலையைத்தான் கொடுக்கிறார். வில்லியம் விக்ரி என்ற கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர், மூடிய உறையில் விலை எழுதிப் போடும் ஏலத்துக்கு இந்த ஏற்பாடு இருந்தால் மனத்தில் உள்ள நிஜ விலையை எழுதுவதே லாபம் என்று 1961இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு அறிவித்தார்கள். பாவம், அறிவித்த மூன்றாம் நாள் காலமாகிவிட்டார்.

நானும் நிஜத்தைச் சொன்னேன். 80 யூரோ. திரையில் விலை 47 என்று காட்டியது. கல் என் பெயரில் நின்றது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் நட்சத்திரக்காரர் வந்திருந்தார்!

50 கேட்டிருந்தார். என் இயந்திரம் 51 கேட்டது. அவர் 55. இது 56. அவர் 60, 70, 78 என்று ஏறி, கடைசியில் 85 கேட்டு என்னைத் தாண்டியதும் நின்றிருந்தார். எனக்கு ரோஷம் வந்தது. 120 என்றேன். கால் மணி நேரத்தில் அதையும் படிப்படியாகத் தடவி வந்து தாண்டினார். 160 என்றேன், தாண்டினார். 200 என்றேன், தாண்டினார். கடைசி இரவு ஒரு மணிக்கு 240 என்று தட்டினேன். கை நடுங்கியது. அன்றைய மதிப்பில் இருபத்தோராயிரம் ரூபாய்க்கு மேல்! தபால் செலவும் சுங்கமும் தனி. என் மனைவி எழுந்து வந்து தண்ணீர்ச் சொம்பை என் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு எனக்குப் போட்ட நகையே அவ்வளவு இருக்காது" என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்வதற்குள் நட்சத்திரக்காரர் 240ஐயும் தாண்டிவிட்டார். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். கல் அவருக்கு 241 யூரோவுக்குப் போயிற்று. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் கடையையே எவனோ அடித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் அந்த விற்பனையாளரிடமிருந்து ஒரு கடிதம். "ஏலம் எடுத்தவர் பின்வாங்கிவிட்டார். தாங்கள் கேட்ட 240 யூரோவுக்கே கல்லைத் தங்களுக்குத் தரத் தயார். இரண்டு நாளில் பதில் தேவை."

எனக்கு ஒரே குதூகலம். தெய்வமே பார்த்துக் கொடுத்தது என்று பணம் கட்ட உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளையாக என் மகள் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. யார் யார் எப்ப எவ்வளவு கேட்டாங்கன்னு அதுலயே ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தீங்களா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"ஒண்ணு. இந்த ஆள் இதுவரைக்கும் எதையுமே வாங்கினதில்லை. ரெண்டு. கடைசி முப்பது நாள்ல ஒன்பது பொருளுக்குக் கேட்டிருக்கான். ஒன்பதும் இதே விற்பனைக்காரரோடது. மூணு. பொருள் வேணும்னு நினைக்கிறவன் ஒரே தடவையா பெரிய விலையைச் சொல்லிவெச்சுட்டுப் போவான். இல்லேன்னா கடைசி நிமிஷத்துல வந்து கேட்பான். இவன் கிணத்துக்குள்ள கயிறு விடுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விட்டு உங்க ஆழத்தைப் பார்த்திருக்கான். நாலு. ஆழம் தெரிஞ்சதும் 'பின்வாங்கிட்டான்'. இப்ப உங்களுக்கே கடிதம் வருது."

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. விற்கிறவரே வேறு பெயரில், அல்லது தமக்கு வேண்டிய ஆள் மூலம், தம் பொருளுக்குத் தாமே விலை கேட்டு ஏற்றிவிடுவது! 'ஷில்' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். தோற்றவரின் விலையைத்தான் ஜெயித்தவர் கொடுக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? தோற்கிறவரே பொய் ஆசாமியாக இருந்தால் பேராசிரியர் விக்ரியின் கணக்கு என்ன ஆகும்? மனத்தில் உள்ள நிஜ விலையை வெளியே வரவழைத்து, மொத்தத்தையும் உருவிக்கொள்ளலாம்.

"இந்த ஆளை எடுத்துட்டா என்ன விலைக்கு முடிஞ்சிருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள் என் மகள். "அடுத்த நிஜ ஆள் 46ல நின்னுட்டார். நீங்க 47 கொடுத்திருப்பீங்க."

நாற்பத்தேழு எங்கே, இருநூற்று நாற்பது எங்கே!

இது புதிய வித்தையும் அல்ல. 2000 மே மாதத்தில் ஈபேயில் ஓர் ஓவியம் 25 சென்ட்டில் ஆரம்பித்து 1,35,805 டாலர் வரை ஏறியது. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியர் வரைந்ததாக இருக்கும் என்ற ஆசைதான் காரணம். விற்றவர் தாமே கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. கூட்டாக இப்படி விலை ஏற்றிய மூவர்மீது 2001இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. விற்றவர் யார் என்கிறீர்கள்? சட்டம் படித்த ஒரு வக்கீல்! 2010இல் இங்கிலாந்தில் ஒருவர் தம் மினி பஸ்ஸுக்குத் தாமே வேறு பெயரில் விலை கேட்டு மாட்டிக்கொண்டார். 5,000 பவுன் அபராதமும் 250 மணி நேரச் சமூக சேவையும் தண்டனை.

நானும் ஆவேசத்தோடு அந்த வலைத்தளத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். "வாங்கிப் பழக்கமில்லாத புதிய ஆள், ஒரே விற்பனையாளரின் பொருளை மட்டும் கேட்கிறார், படிப்படியாக ஏற்றுகிறார்..." என்று எழுதிக்கொண்டு வரும்போது பேனா நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா? அந்த வர்ணனை அப்படியே எனக்கும் பொருந்தியது!

நானும் புதிய ஆள். நானும் அதுவரை எதையும் வாங்கியதில்லை. நானும் அந்த ஒருவரின் பொருளைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. 80, 120, 160, 200, 240 என்று நானும் படிப்படியாகத்தான் ஏற்றினேன். 46 யூரோவோடு விலகிப் போனாரே ஒரு நல்ல மனிதர், அவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்? "இரண்டு நட்சத்திரக்காரர்களும் திருட்டுப் பயல்கள்" என்றுதானே? என் பெயரும் அவருக்கு எழுத்தும் நட்சத்திரமுமாகத்தானே தெரிந்திருக்கும்?

புகாரை அனுப்பினேன். 'கவனிக்கிறோம்' என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில் வந்தது. 240 யூரோவுக்குக் கல் வேண்டாம் என்று விற்பனையாளருக்கும் எழுதிவிட்டேன். அடுத்த மாதமே அதே கல், அதே படம், மறுபடியும் 15 யூரோவில் ஏலத்துக்கு வந்தது.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி மட்டும் உட்கார்ந்துகொண்டது. நட்சத்திரக்காரர் ஏன் விலையை ஏற்றினார் என்பது புரிந்துவிட்டது. அவருக்குப் பணம் வேண்டும். நான் ஏன் ஏற்றினேன்? மழிப்பதற்கு எனக்குக் கத்தியே கிடையாதே! 46 யூரோ பெறுமானமுள்ள ஒரு கல்லுக்கு 240 கொடுக்கத் துணிந்தேன் என்றால், மிச்சம் 194 யூரோ எதற்கு?

என் மனைவிதான் அதற்கு வழி காட்டினாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டே சர்வ சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க அப்பா கல்லை யார்கிட்டயோ குடுத்தேன்னு சொல்லுவீங்களே, அந்த அண்ணன் பொன்மலையிலதானே இருந்தார்? சீமைக்குப் போற காசுல பத்து ரூபாய்க்கு டவுன் பஸ் ஏறினா அவரையே கேட்டுட்டு வரலாமே?"

நேயர்களே, உண்மையைச் சொல்கிறேன். பெல்ஜியத்துக் கல்லுக்கு முகமில்லாத மனிதர்களோடு நள்ளிரவில் போராடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த டவுன் பஸ்ஸில் ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த 194 யூரோ, பொன்மலைக்குப் போகாமல் இருப்பதற்காக நான் கொடுக்க இருந்த கூலி.

போனேன். கடை அதே தெருவில் இருந்தது. இப்போது கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். அண்ணனின் மகன் நடத்துகிறான். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கிவிட்டது. நான் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. பாங்கியில பெரிய ஆபீசரா இருந்து ரிடையர் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். ஏன் இத்தனை வருஷமாக வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கல்லைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மஞ்சக் கல்லா? எய்ட்ஸ் பயம் வந்தப்புறம் சலூன்ல எல்லாம் மாத்துற பிளேடுதானே தம்பி? கல்லுக்கு வேலையில்லாமப் போச்சு. கடையை இடிச்சுக் கட்டினப்ப ஒரு நாள் கீழே விழுந்து ரெண்டா உடைஞ்சுது. ஒரு துண்டை இன்னொரு தொழிலாளிக்குக் குடுத்தேன். மத்தது வீட்டுல கிடக்கு. கத்தி தீட்டிக்கிறாங்க."

பேரன் ஓடிப்போய் எடுத்து வந்தான். உள்ளங்கை அளவுத் துண்டு. மஞ்சள் பக்கம் நடுவில் குழிந்திருந்தது. அப்பாவின் கத்தி வருஷக்கணக்காகப் போய் வந்த பள்ளம் அது. விரலை வைத்தேன்; வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அண்ணே, இதுக்கு என்ன தரணும்?" என்று கேட்டேன். பாங்கில் உட்கார்ந்த புத்தி!

அவர் சிரித்தார். "ஃபோர்மன் துரை உங்க அப்பாகிட்ட என்ன வாங்கினாரு? நீங்க என்கிட்ட என்ன வாங்கினீங்க? எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி."

நாற்பத்தொன்பது வருஷங்களுக்கு முன்னால் நான் அவரிடம் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவர் சொன்னதில் அவசரம் இல்லை.

அந்தத் துண்டு இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் தெளித்து என் மனைவியின் காய் நறுக்கும் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறேன். உடைந்த கல், ஏலத்தில் போட்டால் கேட்பாரிருக்காது. நட்சத்திரக்காரரைக்கூட நம்ப முடியாது!

உங்களில் யாருக்காவது இப்படிப்பட்ட ஏலத்தில் இறங்கும் சபலம் இருந்தால், அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் உச்ச விலையை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை ஒரே முறை சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். எதிரே இருப்பவர் அயோக்கியரா, அல்லது என்னைப்போல் எதையோ தொலைத்தவரா என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த விலையில் நின்றுவிட்டால் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று கை பரபரத்தால், பொருளை விட்டுவிட்டு, அந்த அதிகப்படிப் பணம் எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். ஒருவேளை பத்து ரூபாய் டவுன் பஸ்ஸில் தீருகிற விஷயமாக இருக்கலாம்.

இப்போதெல்லாம் முடி வெட்டிக்கொள்ள மாதம் ஒரு முறை நான் பொன்மலைக்குத்தான் போகிறேன். போன மாதம் அங்கே காத்திருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"சாருக்குப் பூர்வீகம் பொன்மலையா? அப்பா ரயில்வேயில இருந்தாரோ?"

"இல்லைங்க" என்றேன். "முடி வெட்டிக்கிட்டிருந்தார். இதே கடையிலதான்."